ஸ்ரீநகர் – லே: ஐம்பது நிமிஷமா, பதினாறு நாளா?

ஊரில் இருந்து போன் பண்ணும் எல்லாரும் தவறாமல் கேட்பது: "ஸ்ரீநகர்லதானே இருக்கே? லே பக்கம்தானே, ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன?"

பக்கம்தான். மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 250 கி.மீ. நம்ம சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் நேர்கோட்டில் அவ்வளவுதான். விமானத்தில் ஐம்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ரோட்டில் 420 கி.மீ.க்கு மேல், கார்கிலில் ராத்தங்கி இரண்டு நாளில் போவதுதான் வழக்கம். வெள்ளைக்காரன் காலத்தில்? குதிரையும் நடையுமாக பதினாறு நாள்!

நடுவில் நந்தி மாதிரி நிற்பது சோஜி லா கணவாய். உயரம் சுமார் 11,500 அடி. பனி விழுந்தால் பாதை மூடிவிடும்.

1948-ல் லே விழப்போகிறது என்ற நிலை. பிப்ரவரி பனியில் மேஜர் பிரிதி சந்த் சிறு படையோடு சோஜி லாவை நடந்தே கடந்து, மார்ச்சில் லே போய்ச் சேர்ந்தார். அங்கே சோனம் நோர்பு என்ற லடாக்கி இஞ்சினியர் உள்ளூர் ஆட்களை வைத்து, சிந்து நதிப் பக்கம் ஓடுதளம் போட்டார். மே 24 அன்று ஏர் கமோடர் மெஹர் சிங் டகோட்டா விமானத்தை அதில் இறக்கினார். பக்கத்தில் ஜெனரல் திம்மய்யா. கேபினில் காற்றழுத்த வசதி இல்லாத விமானம், 23,000 அடிக்கு மேல் பறந்து வந்தது. பதினாறு நாள் பயணம் ஒரே காலையில் சுருங்கியது அன்றுதான்.

ஆனால் விமானத்தை மட்டும் நம்பி ஊரைக் காப்பாற்ற முடியுமா? கணவாய் எதிரி கையில் இருந்தது. திம்மய்யா டாங்குகளை மேலே ஏற்ற முடிவு செய்தார். பால்தாலில் இருந்து கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதை போகும் பாதை. அதை டாங்கு போகும் அளவுக்கு வெட்டி அகலப்படுத்தியது யார் தெரியுமா? மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'. நவம்பர் 1-ம் தேதி ஸ்டூவர்ட் டாங்குகள் கணவாயில் ஏறின. அதே மாதம் கார்கிலும் மீண்டது, லேவுக்கு வழி திறந்தது. பனியையே பார்த்திராத நம்ம பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் அங்கே மண்வெட்டி பிடித்தார்களோ!

இதெல்லாம் பழைய கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் முன்னால் ஜனவரியில், கூட வேலை செய்யும் லே நண்பருக்கு அம்மா சீரியஸ் என்று போன். கணவாய் மூடியிருந்தது. வானிலை சரியில்லை என்று அன்றைக்கு விமானம் ரத்து. மறுநாளும் ரத்து. மூன்றாம் நாள் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் மனுஷன் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் ஐந்தாறு மாதம் மூடிக் கிடந்த கணவாயை 2025-ல் 32 நாளில் திறந்துவிட்டார்கள். கீழே 2020-ல் தொடங்கிய சுரங்கப்பாதை முடிந்தால் பனிக்காலத்திலும் வண்டி ஓடும்.

டில்லியில் இருந்து ரயிலில் 33 மணி நேரமா என்று சலித்துக்கொள்வோமே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த ரயிலாவது நமக்கு எப்போதும் இருக்கிறது. இப்போதெல்லாம் லே எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "எந்த மாசம்?" என்று திருப்பிக் கேட்கிறேன்.