வெளிநாட்டு உழைப்பும் ஊர்ப் பென்சனும்: வன்னியின் வரலாறு நமக்குச் சொல்வது



கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற பிள்ளை ஊரிலுள்ள ஓய்வூதியத் திட்டமொன்றுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டுமா, அல்லது அந்தக் காசில் காணி வாங்குவது நல்லதா என்று பெற்றோர் பலர் நம்மைப் போன்ற ஆசிரியர்களிடம் கேட்கிறார்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் நாம் என்பதால் பதிலும் நம்மிடம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. ஆனால் நம் நாட்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் வழி தெரியும். பதிவு நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பழைய கதை. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக, நிலைய அதிபர்களாக வேலை செய்தார்கள். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது மலாயா அரசின் பென்சன் அவர்களைத் தேடி ஊருக்கே வந்தது. 'மலாயன் பென்சனியர்' என்ற பெயர் இன்றும் யாழ்ப்பாணத்து முதியவர்கள் வாயில் இருக்கிறது. உழைத்த நாடே முதுமைக்கும் பொறுப்பெடுத்ததால், ஊரில் எதற்கும் காசு கட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

நம் நாட்டில் ஓய்வூதியம் அரச ஊழியரோடுதான் தொடங்கியது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியக் கட்டளைச் சட்டம் 1898 இல் வந்தது. தனியார் துறைக்கு 60 வருடம் கழித்தே ஒரு வழி பிறந்தது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை, அதாவது நாம் சொல்லும் ஈபிஎஃப்பை, உருவாக்கியது. தொடக்கத்தில் தொழிலாளி 4 வீதமும் முதலாளி 6 வீதமும் கட்டினார்கள். இன்று அது 8 வீதமும் 12 வீதமும். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மொத்தமாகக் கையில் கிடைக்கும். இது மாதப் பென்சன் அல்ல, சேமிப்பு. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இந்தக் காசு நாடு விட்டு நாடு போன கதையும் உண்டு. 1964 இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு அனுப்பப்பட இருந்தார்கள். அவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கூடவே கொண்டுபோகலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களிடமிருந்துகூட அவர்கள் பெயரில் சேர்ந்த காசைப் பறிக்க முடியவில்லை. பெயரும் எண்ணும் பதிவில் இருந்ததுதான் காரணம்.

வன்னியில் இதை நாமே கண்டோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்தவர்கள் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். புத்தளத்துக் கொட்டில்களில் வாழ்ந்த அந்தக் காலத்தில் அரச ஆசிரியருக்கு மட்டும் மாதச் சம்பளம் வந்தது, ஓய்வு பெற்றவருக்குப் பென்சன் வந்தது. விவசாயிக்கும் மீனவருக்கும் கடைக்காரருக்கும் நிவாரணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வன்னிக்குள் இருந்த தமிழ் உறவுகளுக்கும் இதே அனுபவம்தான். போர் நடந்தபோதும் அரச ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் கச்சேரி வழியாக வந்துகொண்டிருந்தன. காணி போனது, நகை போனது, வீடு தரைமட்டமானது. பதிவில் இருந்த பென்சன் மட்டும் ஆளைத் தேடி வந்தது.

புத்தளத்திலிருந்தும் பிறகு வன்னியிலிருந்தும் நம் ஆண்களும் பெண்களும் மத்திய கிழக்குக்குப் போனார்கள். 1973 இல் எண்ணெய் விலை ஏறியபின் திறந்த வாசல் அது. இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஆனால் மலாயாவுக்குப் போனவருக்கும் சவூதிக்குப் போனவருக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சவூதியின் அரச ஓய்வூதியக் காப்புறுதி அந்நாட்டுப் பிரஜைகளுக்கு உரியது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலையிடத்து விபத்துக்கான காப்புறுதி மட்டும்தான். வேலை முடிந்து போகும்போது ஒரு தொகை கிடைக்கும்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பின் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். பத்து வருடம் உழைத்தவருக்கு ஏழரை மாதச் சம்பளம், அவ்வளவுதான். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அதுவும் இல்லை; நாலு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம்.

ஆக, வன்னியிலிருந்து போனவர்களில் இரண்டு வகை உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவருக்கு அங்கேயே அரச ஓய்வூதியம் உண்டு. அவர் ஊரில் கட்டுவது விருப்பம், தேவை அல்ல. அவர் கவனிக்க வேண்டியது வேறு. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை ஊருக்கு வந்து நிரந்தரமாக இருந்தபடி பெறுவதற்கு, 18 வயதுக்குப் பின் 20 வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பிரித்தானிய அரச பென்சன் இலங்கைக்கு வரும், ஆனால் அங்கே வருடாவருடம் கூட்டப்படும் தொகை இங்கே இருப்பவருக்குக் கூட்டப்படாது. கிளிநொச்சியில் வந்து கடைசிக் காலத்தைக் கழிக்க நினைப்பவர் இதை இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவருக்கோ அங்கே பென்சன் இல்லை. இங்கே கட்டாவிட்டால் எங்குமே இல்லை. கேள்வியின் கனம் முழுவதும் இவர்மேல்தான் விழுகிறது.

'கட்டினால் மட்டும் கிடைக்குமா?' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. 1987 இல் விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் சட்டமாக வந்தது. வவுனியா விவசாயிகளும் சேர்ந்தார்கள். கட்டியவர்கள் 60 வயதை எட்டத் தொடங்கியபோது நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றுபோனது. 2014 இல்தான் மீண்டும் தொடங்கியது. கிடைத்த தொகையோ 1987 கணக்கில் போட்டது. அன்று 1000 ரூபாய் ஒரு குடும்பத்தைத் தாங்கும் காசு. இன்று அதில் நாலு கிலோ அரிசி வாங்கலாம்.

2022 இல் இன்னும் பெரிய அடி விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. ஈபிஎஃப்பில் 10 இலட்சம் வைத்திருந்தவரின் சேமிப்பு 5000 டொலரிலிருந்து 2800 டொலருக்கும் கீழே இறங்கியது. செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அந்த வருடத்துக்கு அங்கத்தவருக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, அந்த நிதியிலிருந்த திறைசேரி முறிகளும் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. அரசு பெற்ற கடனின் சுமையில் ஒரு பங்கு தொழிலாளியின் முதுமைக் காசில் ஏறியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பதிவு அழியாது, ஆனால் ரூபாயின் பெறுமதி அழியும். அதனால் நம் கருத்து இது: வளைகுடாவில் இருப்பவர் கட்டத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. பென்சன் ஒரு கால் என்றால் காணி, சிறு தொழில், பிள்ளைகளின் படிப்பு மற்றக் கால்கள். காணி மட்டும் போதும் என்பவருக்கு 1990 உம் 2009 உம் பதில் சொல்லும்.

எங்கே கட்டுவது? ஈபிஎஃப்புக்கு இங்கே ஒரு முதலாளி வேண்டும், வெளிநாட்டிலிருந்து தனியாகக் கட்ட முடியாது. போகுமுன் கொழும்பில் கடையிலோ கம்பனியிலோ வேலை செய்தவரின் பழைய கணக்கு அப்படியே இருக்கும், அங்கத்துவ எண்ணைத் தொலைக்காதீர்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் வெளிநாட்டுத் தொழிலாளரும் விரும்பிச் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழிலாளருக்கான ஓய்வூதியத் திட்டங்கள் உண்டு, அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டில் உழைப்போருக்கும் திட்டம் வந்தது. சேருமுன் பிரதேச செயலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: 60 வயதில் மாதம் எவ்வளவு? விலைவாசி ஏறினால் அந்தத் தொகை ஏறுமா? அரச ஊழியருக்கும் ஒரு செய்தி. 2022 இன் 14 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போக இடம் கொடுத்தது. வேலையை விட்டு எழுதிக் கொடுக்குமுன் இதை விசாரியுங்கள்.

இந்தக் காசில் வட்டி கலக்கிறதே என்று நம்மவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அதை உலமாக்களிடம் கேட்டுத் தெளியுங்கள். ஆனால் அதைச் சாட்டாக வைத்து முதுமைக்கு ஒன்றுமே சேர்க்காமல் விடாதீர்கள்.

இது தனி ஆளின் கடமை மட்டும் அல்ல. 2021 இல் 5.5 பில்லியன் டொலர் அனுப்பிய நம் தொழிலாளர், 2022 இல் 3.8 பில்லியன்தான் அனுப்பினார்கள். எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு தவித்தபோது எல்லோரும் அவர்களை நினைத்தார்கள். 2024 இல் அது 6.5 பில்லியனைத் தாண்டியது. பிலிப்பைன்ஸ் 2019 இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரைத் தன் சமூகப் பாதுகாப்பு நிதியில் கட்டாயமாகச் சேர்க்கிறது. கேரளா 2008 இல் சட்டம் இயற்றி, ஐந்து வருடமாவது கட்டியவருக்கு 60 வயதில் ஓய்வூதியம் கொடுக்கிறது. நம் அரசும் தொழிலாளி கட்டும் காசோடு தன் பங்கைச் சேர்த்து, விலைவாசியோடு ஏறும் பென்சனைத் தர வேண்டும். வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோவில் சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான். இதில் தமிழர், முஸ்லிம் என்ற பிரிவுக்கு இடமில்லை. ஒரே விமானத்தில் போய் ஒரே வெயிலில் உழைப்பவர்கள் நம் பிள்ளைகள்.

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளையின் அங்கத்துவ எண்கள், பணியகப் பதிவு எண், கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். இடம்பெயர்ந்த சனம் நாங்கள். கடதாசியின் பெறுமதி நமக்குத் தெரியும்.