தோல் ஒன்று, மேடை இரண்டு: ‘கலை’ என்ற சொல்லின் நூறாண்டு



இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி பழையது: எது கலை? வகுப்பறைகளில் இதை அழகியல் கேள்வியாகக் கேட்கிறார்கள். நாம் இதை வரலாற்றுக் கேள்வியாகக் கேட்போம். ஒன்றைக் கலை என்று யார் அறிவித்தார்கள், எந்த ஆண்டில், எந்த மேடையில்? அப்போது வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது எது?

‘ஆயகலைகள் அறுபத்து நான்கு’ என்று நம் பாட்டிமார்கூடச் சொல்வதுண்டு. அந்தப் பழைய பட்டியலில் பாட்டும் கூத்தும் மட்டுமல்ல, சமையலும் தச்சு வேலையும் இருக்கின்றன. கற்றுத் தேர்ந்த எந்தத் திறமையும் கலைதான் என்பது அதன் பொருள். இன்று ‘கலை’ என்றதும் நம் மனத்தில் வரும் மேடை, திரை, நுழைவுச்சீட்டு, விமர்சகர் எல்லாம் அண்மைக் காலத்தவை. அவற்றுக்குத் தேதி உண்டு.

மேடை பிறந்த ஆண்டுகள்

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சதிர் மேடைக்கு வந்தது. 1932இன் இறுதியில் ஈ. கிருஷ்ணய்யரும் முத்துலட்சுமி ரெட்டியும் சதிரின் எதிர்காலம் குறித்துப் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் உருவானது. சதிர் பரதநாட்டியம் ஆனது. 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஒடுக்கும் வழக்கத்தை ஒழித்த சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஆட்டம் மரியாதை பெற்ற அதே இருபதாண்டுகளில், அதைத் தலைமுறைகளாகக் காத்த பெண்கள் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலரே நிலைத்தார்கள். கலை உயர்ந்தது, கலைஞர் மாற்றப்பட்டார். அவர்கள் தலித்துகள் அல்லர். ஆனால் இந்த வழிமுறை நமக்கும் பாடம்.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக் கிளர்ச்சி தொடங்கியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. அது தேவையான போராட்டம். ஆனால் மேடையில் எந்த மொழியில் பாடுவது என்பதுதான் அதன் மையக் கேள்வி. சேரியின் கருவிக்கு அந்த மேடையில் இடம் உண்டா என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கருவி தமிழுக்குப் புதியதல்ல. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது. இலக்கியத்தில் பெருமையாக இருந்தது ஊரில் எப்படி இழிவானது?

ஒரே தோல்

பறையையும் மிருதங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பறை என்பது மரச்சட்டத்தில் ஒட்டிய மாட்டுத்தோல். அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்ற வேண்டும். ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி. மிருதங்கம் பலாக்கட்டை, வலந்தலையிலும் தொப்பியிலும் மாடு, ஆடு, எருமைத் தோல்கள், இழுத்துக் கட்டும் வாரும் தோல்தான். எந்த மாட்டின் தோல், எந்த இடத்துத் தோல், எவ்வளவு கனம் என்று கைபார்த்துச் சொல்பவர் அதைச் செய்பவர். அவர் பெரும்பாலும் தலித், பல ஊர்களில் தலித் கிறித்தவர். வாசிப்பவரின் பெயர் இசைத்தட்டில் வந்தது. செய்தவரின் பெயர் வரவில்லை.

டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ இந்த மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாறு. அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்கு அரங்கு தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்திரம் கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. தோல் மேடை ஏறலாம், தோலைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது என்பதைத் தவிர நாம் இதை வேறெப்படிப் புரிந்துகொள்வது?

ஆக, தீட்டு தோலில் இல்லை. தோல் தீட்டென்றால் கச்சேரியே நடக்காது. யார் கை தொடுகிறது, யார் கட்டளையில் அடிக்கிறது என்பதில்தான் கோடு கிழிக்கப்பட்டது. சபாவில் வாசிப்பவர் தொகை பேசலாம், வரமுடியாது என்றும் சொல்லலாம். ஊரில் சாவு விழுந்தால் பறையடிப்பவருக்கு அந்த இரண்டு உரிமையும் இல்லை. மறுக்கும் உரிமை உள்ளவர் செய்வது கலை, இல்லாதவர் செய்வது ஊழியம். இந்த நாட்டில் ‘கலை’யின் நடைமுறை இலக்கணம் இதுதான்.

மறுப்பும் மீட்பும்

இதற்கு நம் மக்கள் இரண்டு பதில்கள் சொன்னார்கள். ஒன்று, இனி அடிக்க மாட்டோம் என்பது. பல கிராமங்களில் பறையடிக்க மறுத்ததற்காக அடியும் ஊர்விலக்கமும் வாங்கியவர்கள் நம் முன்னோடிகள். மற்றொன்று, இது எங்கள் கருவி, எங்கள் மேடையில் எங்களுக்காக அடிப்போம் என்பது. அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை விடுதலையின் மொழியாக்கினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்களின் கருவி என்ற வேலியும் அதோடு உடைந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவும் சாதி ஒழிப்பும் ஒரே தாளத்தில் கேட்டன.

இந்த இரு பதில்களும் நம் வரலாற்றில் முன்பே சந்தித்திருக்கின்றன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொன்ன பெயரை நிமிர்ந்து சொன்னால் இழிவு உதிரும் என்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். இன்று பறையைக் கீழே வைப்பவரும் கையில் எடுப்பவரும் இந்த இருவரின் வாரிசுகள். ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தும் வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு அறிவிப்புகள்

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்கு எழுதினார். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரே தோற்கருவி வகை. ஓரிடத்தில் தடை, ஓரிடத்தில் விருது. முரண் போலத் தெரியும். நமக்கு இரண்டும் வெற்றியே. ஏவலுக்கு அடிப்பது நிற்க வேண்டும், தேர்ச்சிக்கு மரியாதை கிடைக்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கையாக இருப்போம். இன்று கல்லூரி விழாக்களிலும் கட்சி ஊர்வலங்களிலும் பறை ஒலிக்கிறது. எல்லாச் சாதியினரும் கற்கிறார்கள். நல்லது. அதே வேளையில் ஊருக்குள் சாவுக்குப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்படுபவர் இன்னும் இருக்கிறார். கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மேடைப் பறைக்குக் கைதட்டிவிட்டு ஊர்ப் பறையை மறந்தால், சதிருக்கு நடந்தது இங்கும் நடக்கும்: கருவி உயரும், கை மாற்றப்படும்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் பறை கட்டியவர், மிருதங்கம் மூட்டியவர், மேளம் செப்பனிட்டவர் யார் யார் என்று பெயரோடு எழுதுங்கள். எந்த அடியை யாரிடம் கற்றார், எந்த ஆண்டில் ஊருக்கு அடிக்க மறுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று கேட்டுப் பதியுங்கள். செயல்பாட்டாளர்களுக்கு ஒரு வேலை. பறைக்குழுவை அழைக்கும்போது பேசிய தொகையை முழுதாகக் கொடுங்கள். துண்டறிக்கையில் பெயரைப் போடுங்கள். வரமுடியாது என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

மறுக்கும் உரிமை எல்லாக் கைகளுக்கும் வந்த பிறகு எது கலை என்று விவாதிக்கலாம். அதுவரை நம் விவாதம் அந்த உரிமையைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.