தாளில் ஒட்டிய நுரையீரல்

என் வேலையில் அடிக்கடி நடப்பது இது: உள்ளே இரண்டு வெவ்வேறு பக், திரையில் வருவதோ ஒரே எரர் மெசேஜ். நுரையீரலும் அப்படித்தான். மூச்சிரைப்பு, இருமல், சளி. அதனிடம் இருக்கிற மெசேஜ் இவ்வளவுதான். உள்ளே எத்தனை நோய் என்பது வேறு கணக்கு.

தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு சோற்றுப் பிரச்சினை. 1930களில் சிலிக்கோசிஸ் என்று சான்று வந்தால்தான் இழப்பீடு. பாறையிலிருந்து பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கும் நோய் அது. கரித்தூசு பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதே அன்றைக்குப் பரவலான மருத்துவக் கருத்து. அப்போ கரி வெட்டியே மூச்சு வாங்குகிறவர்? வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கார்டிஃபில் ஜெத்ரோ காஃப் என்ற நோயியல் மருத்துவர், இறந்துபோன ‘டிரிம்மர்’களின் நுரையீரலை ஆராய்ந்தார். கப்பலுக்குள் கொட்டும் கரியை நிரவுகிறவர்கள் இவர்கள். வேலை துறைமுகத்தில், சுரங்கத்துப் பாறைத்தூசுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் திசுவில் நோய் இருந்தது. 1940இல் அதை வெளியிட்டார். சுரங்கங்களில் நடந்த கள ஆய்வுகளும் சேர, 1943இல் கரித்தூசு நோயும் ‘நியூமோகோனியோசிஸ்’ என்ற பெயரில் இழப்பீட்டுக்குள் வந்தது.

அடுத்த சிக்கல் எம்ஃபிசீமா. காற்றறைச் சுவர்கள் அழிந்து ஓட்டை ஓட்டையாகிற நோய். தூசு நோயும் இதுவும் ஒரே நுரையீரலில் பின்னிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் வைப்பது ஒரு சின்னத் துண்டு. அதை வைத்து மொத்தப் பரவலையும் பார்க்க முடியாது. காஃபும் ஜேம்ஸ் வென்ட்வொர்த்தும் 1949இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். முழு நுரையீரலை ஃபார்மலின் கலவையால் உப்பவைத்து, துண்டு போட்டு, ஜெலட்டினில் பதித்து, உறையவைத்து, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய ஏடாகச் சீவி, தாளில் ஒட்டினார்கள். கரி படிந்த இடம் எது, சுவர் அழிந்த இடம் எது என்று வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். 1957இல் லியோபோல்டும் காஃபும், நுண்மடலின் நடுவை மட்டும் அரிக்கும் எம்ஃபிசீமாவைத் தனி வகையாக விவரித்தார்கள்.

இதில் ஒரு கசப்பு உண்டு. இந்தச் சோதனைக்கு முழு நுரையீரல் வேண்டும். அதாவது, ஆள் செத்திருக்க வேண்டும். பதில் கிடைக்கும்போது கேட்டவர் இருக்க மாட்டார். அவர் மனைவி இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. நடுவை அரிக்கும் அந்த வகை, புகைபிடிப்பவர்களுக்கும் வரும், சுரங்கத்தில் உழைத்தவர்களுக்கும் வரும். ஓட்டையைப் பார்த்து அது சிகரெட் போட்டதா, தூசு போட்டதா என்று திசு சொல்லாது. அந்த இடைவெளியில் வழக்குகள் வருஷக்கணக்கில் நின்றன. எம்ஃபிசீமாவையும் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியையும் சுரங்கத் தொழில் நோய்களாக பிரிட்டன் ஏற்றது 1993இல். அதுவும் நிலத்தடியில் 20 வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்.

1957க்கும் 1993க்கும் நடுவே 36 வருஷம். அதற்குள் எத்தனை பேர் இருமியே போயிருப்பார்கள்!