‘டேய்’க்குப் பதில் சொன்ன ஊர்கள்

“இப்பல்லாம் வாயைத் திறக்கவே பயமா இருக்கு, எதைச் சொன்னாலும் தப்பாப் போயிடுது” என்று அலுத்துக்கொள்பவர்களைக் கல்யாணப் பந்தியில் பார்க்கிறேன், பேருந்தில் பார்க்கிறேன். மாற்றுத்திறனாளி, திருநங்கை, தூய்மைப் பணியாளர் என்ற சொற்களெல்லாம் அவர்களுக்கு நேற்று முளைத்த நாகரிகம். நான் திருத்துறைப்பூண்டி வட்டாரப் பள்ளிக்கூடங்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் எண்பது வருஷத்துக்கு முன்பே எழுந்துவிட்டது. அதற்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் நடத்தினேன்.

எங்கள் வட்டாரம் உள்ள அன்றைய கீழத்தஞ்சையில் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழைப்பு பண்ணையாளிடம் இருந்தது. பண்ணையாள் மிராசுதாரை ‘ஆண்டே’ என்பார். அந்த வீட்டுக் குழந்தை ‘சின்ன ஆண்டே’. ஐந்து வயதுச் சின்ன ஆண்டே அறுபது வயதுக் கிழவரை ‘டேய்’ என்று கூப்பிடும். கிழவர் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடி வருவார். வரத் தாமதமானால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், சவுக்கடி. அதற்கு மேலும் சாணிப்பால்: மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பது. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, பிள்ளையைச் சேர்க்க வந்த தாத்தாக்கள் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1943-இல் பி. சீனிவாச ராவ் இந்தப் பக்கம் வந்தார். தென் கன்னடத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பி வந்தவர். சேரியிலேயே தங்கினார், பண்ணையாட்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்தார். தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை அமைந்தது. அவர் சொன்னதாக எங்கள் ஊர்களில் இன்றும் சொல்லப்படுவது இரண்டு: அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும், ‘டேய்’ என்றால் திருப்பி ‘டேய்’ என்று சொல்ல வேண்டும். 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டு, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டப்பட்டது.

சவுக்கடியை ஒப்பந்தம் போட்டு நிறுத்தலாம். ‘டேய்’ காகிதத்துக்குக் கட்டுப்படாது. அதை ஒவ்வொரு ஆளும் தன் வாயால்தான் திருப்ப வேண்டியிருந்தது. அது எவ்வளவு கடினம் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். கம்பைத் தூக்கக்கூடக் கை வந்துவிட்டதாம், நாக்குத்தான் வரவில்லையாம். ‘ஆண்டே’ என்றே பழகிய வாயில் ‘என்னங்க’ நுழையவே பல நாள் ஆயிற்றாம். சிலர் வேறு வழி கண்டிருக்கிறார்கள். திருப்பித் திட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த மௌனத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினாலே போதும், அவரை நாம் எந்தப் படியில் வைத்திருக்கிறோம் என்பது வினைமுற்றில் தெரிந்துவிடும். வந்தானா, வந்தாரா, போ, போங்க. இழிசொல் ஒன்றுகூட இல்லாமலேயே ஒருவரை நாள் முழுக்க அவமதிக்க இந்த மொழியில் வழி இருக்கிறது. அதனால்தான் இங்கே பேச்சுத் திருத்தம் என்பது சில சொற்களை விலக்குவதோடு முடிகிற வேலையாக இல்லை.

பெயர்களுக்கான போராட்டம் ‘டேய்’க்கு எதிரான போராட்டத்துக்கும் முந்தியது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தன் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அதையே நிமிர்த்திப் பிடித்தார். அயோத்திதாச பண்டிதர் வேறு வழியில் போனார். 1907-இல் அவர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முயன்று, அரசுப் பதிவுகளில் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரைக் கொண்டுவந்தார். யார் வழி சரி என்று இன்றும் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தன் பெயரைத் தானே முடிவு செய்வேன் என்று அவர்கள் நின்றதுதான் பெரிது. மறுபக்கம், 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்துச் சொல்லப் பலர் கூசுகிறார்கள் என்றால் அந்தக் கூச்சத்துக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு.

“பேரை மாத்திட்டா வயிறு நிறைஞ்சிடுமா?” என்று கேட்கிறார்கள். 2020-இல் அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியபோதும் கேட்டார்கள். கூலி உயர வேண்டும், சாக்கடைக்குள் மனிதர் இறங்குவது நிற்க வேண்டும், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூலியையும் மரியாதையையும் எதிரெதிராக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் வட்டாரத்தில் மரக்கால் நெல் கூடக் கேட்டதும், ‘டேய்’ என்று கூப்பிடாதே என்றதும் ஒரே சங்கம், அதே ஆட்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், தீ வைக்கப்பட்ட ஒரு குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியும் சங்கக் கொடியும்தான் தகராறு என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: “நம்மாளுக நிமிந்து பேசுனத மிராசுதாருங்களால தாங்கிக்க முடியலம்மா.”

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது 1989-இல் வந்த சட்டம். சட்டம் வந்த பிறகும் வினைமுற்று மாறாமல் இருந்ததை நான் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தேன். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட இரண்டு தகப்பன்மார் வருவார்கள். ஒருவரிடம் “உட்காருங்க, தம்பி கணக்குல கொஞ்சம் கவனிக்கணும்” என்று பேசும் ஆசிரியரே அடுத்தவரிடம், “என்னப்பா, பையன ஒழுங்கா அனுப்ப மாட்டியா?” என்பார். நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அந்த அப்பா நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நிற்கும் பையன் தலையைக் குனிந்துகொள்வான். அந்தப் பையனின் பெயர் பெரும்பாலும் லெனினாக இருக்கும், அம்பேத்கராக இருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் தாத்தா பெயர் குப்பன் என்று இருக்கும். அப்படி ஒரு பெயரை மகனுக்கு வைத்த மனிதரைத்தான் இவர்கள் ‘நீ’ என்றார்கள். என் அறையில் யார் வந்தாலும் ‘உட்காருங்க’ என்பது விதி. அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழுதாள். விலாசம் கேட்டதும் எதிராளியின் குரல் மாறுவதைப் பள்ளி நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

இந்த வரலாற்றில் ஒரு பாதி எழுதப்படவே இல்லை. ‘டேய்’ பற்றிப் பேசுகிறோம்; நடவு வயலில் பெண்களை நோக்கி விழுந்த ‘ஏண்டி’, ‘வாடி’ பற்றி யாரும் பேசுவதில்லை. மேல்சாதிக் குடும்பத்தில் பிறந்து, விதவையாகி, கிராப்பும் வேட்டியுமாகக் கூலிக்காரர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மையைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் நாவல் எழுதினார். ஆனால் நாற்று முடியை எறிந்துவிட்டுக் கரையேறிய பெண்கள் அந்த ‘வாடி’க்கு என்ன பதில் சொன்னார்கள், எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஐம்பதுகளில் சிறுமிகளாக நடவுக்குப் போனவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள். தென்பரையிலும் களப்பாளிலும் அவர்களில் சிலர் இன்னும் இருக்கக்கூடும். இந்த அறுவடை முடிந்ததும் ஒரு நோட்டோடு போய் உட்காரப் போகிறேன்.