1952-இல் நம் ஊர் போட்ட ஓட்டு

சென்ற இதழ் முழுக்கத் தண்ணீர் லாரியும் பார்க்கிங்கும்தான். இந்த முறை கொஞ்சம் பழைய கதை பேசலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றால் நம் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. அரசு முத்திரையில் இருப்பது அதுவா, மதுரைக் கோபுரமா என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. அந்தக் கோபுரத்தைச் சுற்றி 1952-இல் நடந்த தேர்தலைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் நம் ராஜபாளையத்துக்காரர், பூ.ச. குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரலில் பொறுப்புக்கு வந்தவர். தன் சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்த மனிதர். இன்றைய காந்தி கலை மன்றம் அதுதான். 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த முதல் பொதுத்தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் நின்று அவர் தோற்றார். அதே பெயருள்ள பாராளுமன்றத் தொகுதியில் ஜெயித்து டெல்லிக்குப் போனவர் காமராஜர். இருவரும் ஒரே கட்சி. வேட்பாளருக்கு ஒரு தனிப் பெட்டி, அதன்மேல் சின்னம் என்று வைத்திருந்த காலம் அது. நம் தாத்தா பாட்டிமார் எதை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள்!

அன்றைய ஆட்சியாளர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம். அதே ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், அந்த ஆண்டு காந்தி ஜெயந்தி முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. ஐந்து வருடத்துக்குள் இவ்வளவையும் செய்த ஒரு தலைமுறை, நூறு வருட வேலையை முடித்துவிட்டோம் என்று மார்தட்டியிருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் ஓட்டுப் போட வந்தவர்களின் மனதில் இருந்தது ரேஷன் அரிசி. மழை பொய்த்து, உணவுத் தட்டுப்பாடு நெருக்கிய வருடங்கள் அவை. 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152.

எழுபது வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பெருமைப் பட்டியலே கொஞ்சம் இடம் மாறிப்போகிறது. மதுவிலக்கு நிலைக்கவில்லை, அது உங்களுக்கே தெரியும். குமாரசாமி ராஜா ஆட்சியின் மிகப் பெரிய தோல்வி என்று அன்று எண்ணப்பட்ட ஒன்றுதான் இன்றும் நிற்கிறது.

அது வகுப்புவாரி உரிமை வழக்கு. கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கொடுத்துவந்தது அரசாணை. புதிய அரசியல் சட்டத்துக்கு இது விரோதம் என்று 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தனிக் கதை. அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனது. 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி அங்கேயும் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியும், அதையொட்டித் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பும் சேர்ந்து, இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இன்று நாடு முழுவதும் பிற்படுத்தப்பட்ட பிள்ளைகள் கல்லூரியில் இடம் வாங்குவது அந்தத் திருத்தத்தில் சேர்ந்த 15(4) பிரிவின் பலத்தில். நம் குடியிருப்பிலேயே எத்தனை டாக்டர்கள், எத்தனை என்ஜினீயர்கள்! ஆனால் 1952-இல் மேடை ஏறி, "நாங்கள் தோற்ற வழக்குதான் எங்கள் சாதனை" என்று யார் ஓட்டுக் கேட்டிருக்க முடியும்?

காமராஜருக்கு வருவோம். 1954-இல் நம் தொகுதி எம்.பி. பதவியை விட்டு முதலமைச்சரானார். ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். இதைத் தமிழ்நாடு இன்றுவரை கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அதே வருடங்களில், நமக்குப் பக்கத்திலேயே சிவகாசி வட்டாரத்தில், சின்னப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டும் பெட்டி ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். வானம் பார்த்த பூமியில் வேலை கொடுத்த தொழில் அது. "குட்டி ஜப்பான்" என்று பேர் வாங்கிய ஊர். விடியுமுன் கிராமம் கிராமமாகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல பஸ் வரும். அதைப் பார்த்தவர்களுக்கு அது கொடுமையாகத் தோன்றவில்லை, ஊர் வளர்வதாகவே தோன்றியது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இந்த வேலையில் வைக்கக் கூடாது என்று 1986-இலும் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில். மதிய உணவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே நாற்பது வருடம். ஒரு தலைமுறை முழுதாக வளர்ந்து முடிந்திருக்கும்.

எதிர்த்துப் பேசிய ஆட்களே அன்று இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் பெருமை சத்தமாகப் பேசும்போது மற்றது காதில் விழுவதில்லை.

நம் பிளாக்கில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஒன்பது வயதில் பெட்டி ஒட்டியவர். அவருக்கு அதில் கோபமே இல்லை. "நான் ஒட்டின காசுலதான் சார் எங்க கூரை வீட்டுக்கு ஓடு போட்டோம். அன்னிக்கு எங்க தெருவுல அது எவ்வளவு பெரிசு தெரியுமா?" என்றார். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. நான் தயாராக வைத்திருந்த வருத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பேத்தி பன்னிரண்டாவது படிக்கிறாளாம். பி.காம். சேர்க்க வேண்டுமாம். பேசி முடித்து, சர்வீஸ் லிப்டுக்காகக் காத்திருந்தார். இந்தப் பக்கத்து லிப்ட் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு லீவு?" என்றேன்.

நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.