பூச்சி என்றால் எல்லாம் ஒரே பூச்சியா?

எங்க பக்கம் பூச்சி என்ற ஒரே சொல் நிறைய வேலை செய்யும். தேயிலையைத் தின்கிற புழு பூச்சி, கம்பைத் துளைக்கிற வண்டு பூச்சி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத செஞ்சிலந்தியும் பூச்சி. இருட்டினால் பெரியவங்க பாம்பைக்கூடப் பேர் சொல்லாமல் பூச்சி என்றுதான் சொல்லுவாங்க. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகம் இதுக்கு நேர் எதிர். கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று அடுக்கிக்கொண்டே போகும். (விலங்குகளைப் பிரிக்க வருணத்தையும் சாதியையும் ஏன் எடுத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரிசை, பேரினம் என்றுதான் இருக்கு.) பரீட்சை முடிந்ததும் நாங்க எல்லாரும் மறந்துவிடுகிற இந்த அடுக்குக்கு, எல்ல, பசறை, நமுனுகுல பக்கத்து மலைகள் மாதிரியான தேயிலை மலைகளில் ஒரு வரலாறு இருக்கு. எந்த மிருகத்தை எந்தப் பெட்டிக்குள் போட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எதை அடிப்பது என்று முடிவானது.

கதை தேயிலைக்கு முன்னாடி, கோப்பிக் காலத்தில் தொடங்குது. இலங்கையில் இருந்த ஜோன் நீட்னர் என்ற ஜெர்மன்காரர் கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி 1861இல் கொழும்பில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதே வருசம் அவர் பேர் வைத்த இரண்டு உயிர்கள் முக்கியமானவை. ஒன்று இலையைச் சுருட்டி உள்ளே இருந்து தின்கிற புழு, அதாவது ஒரு அந்துப்பூச்சியின் பிள்ளை. இன்றைய பெயர் ஹோமோனா கொஃபியேரியா. மற்றது செஞ்சிலந்தி, ஒலிகோநைக்கஸ் கொஃபியே. இரண்டு பெயரிலும் கோப்பி இருக்கு. 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பி போய்விட்டது, அதன் பேரைத் தாங்கிய இரண்டும் தேயிலையில் குடியேறி இன்று வரைக்கும் இருக்கு.

நீட்னருக்கு இரண்டுமே கோப்பியின் எதிரிதான். ஆனால் வகைப்பாட்டில் இரண்டும் தூரத்துச் சொந்தம் மட்டுமே. ஆத்திரப்பொடா என்ற பெரிய கணத்தில் இரண்டும் அடங்கும்: உடம்புக்கு வெளியே கடினமான ஓடு, மூட்டு மூட்டாக மடங்குகிற கால்கள். அதற்குக் கீழே பிரிந்துவிடும். அந்து பூச்சி வகுப்பைச் சேர்ந்தது. தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, வளர்ந்தால் ஆறு கால், உணர்கொம்பு, சிறகு. செஞ்சிலந்திக்கு எட்டுக் கால். உணர்கொம்பும் இல்லை, சிறகும் இல்லை. அது சிலந்தி, தேள், உண்ணி வழி. (எல்லக்கு வருகிற சுற்றுலாக்காரர் அலறுகிற அட்டை இதில் எதிலும் சேராது. காலே இல்லாமல் வளையம் வளையமாக இருக்கிற அனலிடா அது, மண்புழுவுக்குச் சொந்தம்.)

சரி, கால் எண்ணி என்ன ஆகப்போகுது? நிறைய ஆகும். பூச்சியைக் கொல்கிற பல மருந்துகள் செஞ்சிலந்தியைச் சரியாகக் கொல்வதில்லை. அதைத் தின்கிற வண்டுகளோ செத்துப்போகும். அதனால் மருந்தடித்த பிறகு செஞ்சிலந்தி கூடுவதும் உண்டு. அதற்கு அடிப்பது கந்தகம் மாதிரி வேறு மருந்து.

இதைவிடப் பெரிய பாடம் இலைசுருட்டிப் புழுவுடையது. ஆரம்பத்தில் இதைக் கட்டுப்படுத்திய வழிகளில் ஒன்று, முட்டைக் கூட்டங்களைக் கையால் பொறுக்குவது. ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இலையில் ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கண்ணால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். அதற்கு லத்தீன் பேர் தெரியத் தேவையில்லை. பிறகு 1935, 36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்தது. பேர் மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே. குளவி என்றதும் எங்க ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி வராத மாதம் உண்டா? (அதில் சிலது உண்மையில் மலைத்தேனீ. பத்திரிகைக்கு எல்லாமே குளவி.) ஜாவாக் குளவி அதே வருணம்தான், எறும்பும் தேனீயும் சேர்கிற வருணம். ஆனால் மெலிசான சின்ன உடம்பு, ஆளைக் கொட்ட வராது. புழுவின் உடம்புக்குள் முட்டை போடும். அதன் பிள்ளைகள் புழுவை உள்ளே இருந்தே தின்று முடிக்கும். இலைசுருட்டி அடங்கியது. உலகத்தில் ஒரு உயிரைக்கொண்டு இன்னொரு உயிரை அடக்கிய கதைகளில் இது நன்றாக வெற்றி பெற்ற ஒன்று.

பிறகு 1950களிலும் 60களிலும் வேறொரு எதிரிக்காக டீல்ட்ரின் அடித்தார்கள். அது தேயிலைக் கம்பில் ஊசித் துளை போடுகிற வண்டு. கவ்வாத்து வெட்டுகிற யாருக்கும் அந்தத் துளை தெரியும், கம்பு பட்டென்று முறியும். வண்டு மரத்தைத் தின்பதில்லை, துளைக்குள் ஒரு பூஞ்சையை வளர்த்து அதைத்தான் தின்னும். டீல்ட்ரினுக்கு வருணம் தெரியாது. வண்டுக்கு அடித்தது குளவியையும் கொன்றது. இருபது வருசம் அடங்கியிருந்த இலைசுருட்டி திரும்பி வந்தது. எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துவது இதுதான்: குளவி எது, வண்டு எது, அந்து எது என்று பிரித்துப் பார்த்து 1930களில் கட்டிய ஒழுங்கை, எல்லாம் பூச்சி என்று பார்க்கிற ஒரு மருந்து கலைத்துவிட்டது. அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களின் முடிவு இல்லை.

அதை அடித்தவர்கள் யார் என்று கேட்டால் எங்க தாத்தாமார்தான். 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இல்லை. டீல்ட்ரின் மண்ணிலும் கொழுப்பிலும் வருசக்கணக்கில் தங்குகிற நஞ்சு. 2001 ஸ்டொக்ஹோம் ஒப்பந்தத்தில் முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு நஞ்சுகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கு மருந்துப் போத்தல்களில் தமிழிலும் எழுதியிருக்கு. ஆனால் முதுகில் டாங்கியைச் சுமக்கிறவர் கைக்கு வருவது கலந்த தண்ணீர்தான், லேபல் ஸ்டோரிலேயே நின்றுவிடும். எதுக்கு அடிக்கிறோம் என்று கேட்டால் பூச்சிக்கு என்பார்.

துளைக்கிற வண்டின் பெயர்க் கதையும் இன்னும் முடியவில்லை. ஐக்காஃப் என்ற ஜெர்மன்காரர் 1868இல் இலங்கையிலிருந்து போன வண்டைப் பார்த்து ஃபோர்னிகேட்டஸ் என்று பேர் வைத்தார். நூற்றைம்பது வருசம் தேயிலை வண்டு அந்தப் பேரில்தான் இருந்தது. இஸ்ரேலிலும் கலிபோர்னியாவிலும் வெண்ணெய்ப்பழ மரங்களில் அச்சு அசல் இதே மாதிரி வண்டு பெருகிய பிறகுதான் மரபணுவைப் பார்த்தார்கள். 2018, 2019 ஆய்வுகளில் ஒன்று நாலாகப் பிரிந்தது. ஐக்காஃப் பார்த்த பழைய வண்டையே எடுத்து அளந்ததில், ஃபோர்னிகேட்டஸ் என்ற பேர் வெண்ணெய்ப்பழ மரத்துக்காரனுக்குப் போய்விட்டது. தேயிலை வண்டுக்கு இப்போ பெர்பிரேவிஸ் என்று பேர், அதோடு ஃபோர்னிகேட்டியோர் என்ற இன்னொன்றும் எங்க தேயிலையில் இருக்கு. அதனால் பழைய தோட்ட அறிக்கைகளில் ஃபோர்னிகேட்டஸ் என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு இடத்திலும், அது எந்த வண்டு என்று இனித் திரும்பக் கேட்க வேண்டும்.