தோளில் வந்த சோறு

பயணம் என்பது காணும் இன்பம் மட்டுமன்று. உண்ணும் இன்பமும் ஆகும். ஓர் ஊரின் தனிச்சுவையை அவ்வூரிலேயே தேடி உண்பவர், தம்மை அறியாமலே அதன் வரலாற்றையும் சுவைக்கின்றனர். பினாங்கின் நாசி கண்டார் இதற்குத் தக்க சான்றாகும்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவினார். துறைமுகம் வளர வளர, தமிழகக் கடற்கரையிலிருந்து வணிகரும் உழைப்பாளரும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் சூலியர் எனப்பட்டனர். ஜார்ஜ் டவுனிலுள்ள சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு; 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவுதடி. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, தமிழ் முஸ்லிம் வணிகர் தெருத்தெருவாக நடந்து துறைமுகத் தொழிலாளரின் பசி தீர்த்தனர். காலப்போக்கில் காவுதடி மறைந்தது, கடைகள் எழுந்தன, பெயர் மட்டும் நிலைத்தது.

மீன், கோழி, ஆட்டிறைச்சி எனப் பல குழம்புகளையும் ஒரே தட்டில் கலந்து ஊற்றுவதே இவ்வுணவின் சிறப்பு. சோறு மூழ்கக் குழம்பு வேண்டுவோர், வெள்ளம் எனப் பொருள்படும் 'பஞ்சிர்' என்னும் மலாய்ச் சொல்லால் கேட்பர். கைப்பக்குவம் தமிழருடையது, பெயர் மலாயுடையது, உண்பவரோ எல்லா இனத்தவரும்.

1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து இச்சுவையை நாடி வருவோர் பலர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. அன்று சுமந்த தோள்களுக்கு இல்லை. அத்தோள்களை நம் மாணவர் அறிந்து உண்பாராயின், ஒரு பிடி சோறும் அவர்க்கு ஒரு வரலாற்றுப் பாடமாகும்.